நலவாழ்வுப் பகுதி: எருவை அளந்து போடுங்கள்



வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை போடுவது நம்மவர் வழக்கம். "எருதானே, எவ்வளவு போட்டா என்ன?" என்று அள்ளிக் கொட்டுவோரும் உண்டு. இது தவறு. மிஞ்சிய எருச்சத்து கிணற்றில் இறங்கினால் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

எருவில் என்ன இருக்கிறது?

ஈரமான மாட்டுச் சாணம் 10 கிலோவில் சுமார் 8 கிலோ வெறும் தண்ணீர். தழைச்சத்து ஏறக்குறைய 50 கிராம்தான். ஆட்டுப் புழுக்கையில் அதைவிடக் கூடுதல். புதுக் கோழி எச்சத்தில் 150 கிராம் வரை இருக்கும். அதனால்தான் "கோழி எரு சூடு, செடியைப் பொசுக்கிடும்" என்கிறார்கள். தீனியையும் ஈரத்தையும் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். மழையில் நனைந்த குவியலில் சத்து கரைந்து ஓடியிருக்கும்.

எவ்வளவு போடுவது?

வாளி எருவை ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி கீரைப் பாத்திக்குச் சுமார் 100 கிராம் தழைச்சத்து போதும். எருவிலுள்ளதில் பாதி முதல் பயிருக்குக் கிடைக்கும் என்று வைத்தால், சாணம் 40 கிலோ. கோழி எரு 13 கிலோ. மிச்சம் மண்ணில் தங்கும். ஆகவே அடுத்த தடவை குறைத்துப் போடுங்கள்.

குழந்தைக்கு என்ன ஆபத்து?

பயிர் எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு கிணற்றுக்கு இறங்கும். அந்தத் தண்ணீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். "தண்ணியைக் காய்ச்சித்தானே கொடுத்தோம்" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை:

1. தாய்ப்பால் கொடுங்கள். பால்மாவு என்றால் சுத்தமான குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கலக்குங்கள்.

2. குழந்தைக்கு நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

3. எருக் குவியலுக்குக் கூரை போடுங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் குவிக்காதீர்கள்.

4. மக்காத எரு போட்ட பாத்தியில், பச்சையாகத் தின்னும் இலை, காய்களை நான்கு மாதம் கழித்தே பறியுங்கள்.

5. காலில் சப்பாத்து போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எரு நல்லதுதான். அளந்து போட்டால் கீரையும் செழிக்கும், பிள்ளையும் நலமாயிருக்கும்.