பின்னங்கால் செயலிழந்த நாய்: வண்டிக்கு முன் கவனிக்க வேண்டியவை

விபத்தில் பின்னங்கால்கள் செயலிழந்த தெருநாயை மீட்டு வந்ததும் பலர் முதலில் தேடுவது சக்கர வண்டியைத்தான். ஆனால் நடக்க முடியாததைவிட, தேங்கிய சிறுநீரும் படுக்கைப்புண்ணுமே அதன் உயிருக்கு உலை வைக்கும். தண்டுவடம் அடிபட்டால் சிறுநீர்ப்பையும் பெரும்பாலும் கட்டுப்பாட்டை இழக்கும். சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்துத் தானாகவே போகிறது என்று விட்டுவிடக் கூடாது. பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் ஒழுகும். அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, அவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக நாளுக்கு 3, 4 முறை செய்யுங்கள். சிறுநீர் கலங்கினாலோ வழக்கத்துக்கு மாறாக நாறினாலோ தொற்று இருக்கலாம். மெத்தென்ற விரிப்பில் படுக்கவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இடுப்பெலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்; ஈரம் பட்டால் உடனே துடையுங்கள்.

இப்படி வாழ்வதைவிடக் கருணைக்கொலையே மேல் என்பார்கள். தீராத வலி இருந்தால் அது நியாயமே. வலி தீராததா என்பதை மருத்துவர்தான் கணிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு, குரல் கேட்டதும் தலை நிமிர்த்தும் நாய்க்கு அந்த வாதம் பொருந்தாது. வண்டியை மருத்துவர் அனுமதித்த பிறகு வாங்குங்கள். தொடக்கத்தில் சில நிமிடங்கள் போதும். அதில் நாயால் படுக்க முடியாது என்பதால், ஆளில்லாமல் பூட்டி வைக்காதீர்கள்.