முதல் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஓப்பனிங் நிறையப் படித்துவிட்டீர்கள். நான் சொல்ல வருவது யோசிப்பதைப் பற்றி.

1. நிலை சிக்கலானால், ஆடத் தகுந்த இரண்டு மூன்று நகர்வுகளை முதலில் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கணக்கிடுங்கள். ஒரு கிளையை ஒருமுறைக்கு மேல் பார்க்காதே என்பது சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் சொன்ன விதி. கடுமையான விதிதான், பெரிய ஆட்டக்காரர்களே முழுக்கக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அது அவசியம்.

2. அதே கோட்டோவ் ஒரு கோளாறையும் எழுதிவைத்தார். குதிரையா, யானையா என்று ஆட்டக்காரர் அரைமணி நேரம் அல்லாடுவார். இரண்டிலும் ஏதோ குறை தென்படும். மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். கடிகாரம் கண்ணில் பட்டதும் பதறிப்போய், அதுவரை நினைத்தே பார்க்காத வேறொரு காயை நகர்த்தித் தோற்பார். அவ்வளவு நேர யோசனையில் ஒரு நிமிடம்கூட அந்த நகர்வுக்குச் செலவாகவில்லை! இதற்கு ‘கோட்டோவ் சிண்ட்ரோம்’ என்றே பெயர். நன்றாகக் கணக்கிடத் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

3. குறையே இல்லாத நகர்வு வேண்டுமென்று காத்திருக்காதீர்கள். வெகுநேரம் பார்த்தும் இரண்டும் சமமாகத் தெரிந்தால், வித்தியாசம் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். எதிராளிக்குச் செக் உண்டா, வெட்டு உண்டா, மிரட்டல் உண்டா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஆடிவிடுங்கள்.

4. 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 30 வினாடி என்றால் தாராளமாகத் தோன்றும். யானை எண்ட்கேமை அந்த 30 வினாடியை மட்டும் நம்பி ஆடிப் பார்த்தால் தெரியும். ஸ்கோர்ஷீட்டில் நகர்வுக்குப் பக்கத்தில் மீதி நேரத்தையும் குறித்துவாருங்கள். விதி அதை அனுமதிக்கிறது. ஆடுவதற்கு முன்பே நகர்வை எழுதிவைப்பதுதான் கூடாது.

5. ஜெர்மனியின் ஃபிரிட்ரிக் ஸேமிஷ் பெயரில் கிங்ஸ் இண்டியனில் ஒரு வேரியேஷனே இருக்கிறது. அத்தனை ஞானம் உள்ளவர், 1969இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் போட்டியில் 13 ஆட்டங்களையும் நேரம் தீர்ந்தே தோற்றார்.

6. போட்டி முடிந்ததும் ஸ்கோர்ஷீட்டுகளைக் கொண்டுவாருங்கள். ஜெயித்ததா தோற்றதா என்று கேட்க மாட்டேன். எந்த நகர்வில் நேரம் போனது என்று உட்கார்ந்து பார்ப்போம்.