தலைமாட்டில் ஒருவர்

அன்புள்ள கயல்,

அடுத்த வாரம் உனக்கு டான்சில் அறுவை சிகிச்சை என்று அக்கா சொன்னாள். "மயக்கத்திலேயே போயிட்டா?" என்று கேட்டாயாமே. மழுப்பாமல் பதில் எழுதுகிறேன்.

1846 அக்டோபர் 16. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஒரு நோயாளிக்கு மயக்கமூட்டும் ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். அறுவை மருத்துவர் ஜான் வாரன் அந்த நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார், அலறல் இல்லை. அதுவரை பெரும்பாலும் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, விழித்தபடியேதான் மனிதர்கள் அறுபட்டார்கள். மறு வருடமே எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொண்டுவந்தார். 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோஃபார்மை முகர்ந்தாள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். அந்தக் காலத்தில் உன் பயம் முழுக்க நியாயமாக இருந்திருக்கும்.

குளோரோஃபார்ம் கொடுக்கும்போது மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்று 1880களின் இறுதியில் ஹைதராபாத் ஆய்வுக் குழு முடிவு சொன்னது. அது தவறு. குளோரோஃபார்ம் நேரடியாகவே இதயத் துடிப்பைக் குலைக்கும் என்று 1911-ல் லெவி என்ற ஆய்வாளர் நிரூபித்தார்.

உனக்குத் தரப்போவது குளோரோஃபார்ம் அல்ல, அநேகமாக செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு. நெடி உறுத்தாது, அதனால் பிள்ளைகளுக்கு முகமூடி வழியாகவே கொடுக்கலாம். நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், நரம்புச் செல்களை அடக்கும் காபா ஏற்பிகளுக்கு வலுவூட்டும். வளர்ந்தவரை அசையாமல் வைக்க, மூச்சுக் காற்றில் சுமார் 2 சதவீதம் போதும். பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். இது தூக்கம் அல்ல. தூங்குகிறவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். இந்த மயக்கத்தில் வலிக்கு உடல் அசையாது, மூச்சு மெலியும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால்தான் மயக்க மருத்துவர் கடைசிவரை உன் தலைமாட்டிலேயே இருப்பார். துடிப்பு, ஆக்சிஜன், நீ வெளிவிடும் கரியமில வாயு எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டே மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். உன்னைக் காப்பது மருந்தைவிட அந்தக் கவனிப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். அறுவை முடிந்து மருந்தை நிறுத்தினால், பெரும்பகுதி உன் மூச்சோடே வெளியேறிவிடும். விழித்ததும் குமட்டலாம், குளிரில் நடுங்கலாம், காரணமில்லாமல் அழுகைகூட வரலாம். தானே அடங்கிவிடும்.

உன் பங்குக்கு இரண்டு வேலைகள். மயக்கத்தில் தொண்டை தன் காவலை விட்டுவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆகவே, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு பிஸ்கட்கூடத் தின்னாதே, தின்றுவிட்டால் மறைக்காதே. இன்னொன்று, அரிதாகச் சில குடும்பங்களில் செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் தசைகளைக் கொதிக்கவைத்துக் கடும் காய்ச்சலை உண்டாக்கும். அதற்கு டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் அந்த வாயுக்களையே தவிர்த்துவிடலாம். நம் வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் அப்படி ஏதும் நேர்ந்ததா என்று பாட்டியிடம் இன்றே கேட்டு, டாக்டரிடம் நீயே சொல்.

அன்புடன்,
மாமா