பாய் வெட்டிப் பழக ஒரு கட்டானா

வெட்டிப் பழகத்தான் இந்த ஜப்பானிய வாள் என்றால், பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பக்கமே போகாதீர்கள். அது அலமாரிக்கு, அடி தாங்காமல் முறியும். 1060 கார்பன் எஃகில் முழுக்க ஒரே சீராகப் பதம் போட்ட அலகு கைக்கும் பைக்கும் தோது. விளிம்பில் ஓடும் அலைக்கோட்டுக்கு மயங்க வேண்டாம். மலிவு வாள்களில் அது பெரும்பாலும் அமிலம் தீட்டிய கோலம். அலகில் பள்ளம் வெட்டியிருந்தால் எடை குறையும், வீசும்போது ‘விஷ்’ஷென்று சத்தமும் வரும். ஆனால் கோணம் பிசகினால் சீக்கிரம் வளையும்.

மிச்சப்பட்ட காசைக் கைப்பிடியில் போடுங்கள். அலகைப் பிடியோடு பிணைப்பது ‘மெகுகி’ என்கிற சின்ன மூங்கில் ஆணிதான். அது உடைந்தால் அலகு கழன்று பறக்கும், எதிரே நிற்பவர் பாடு அதோகதி! முதல் வேலையாக ஆணியைத் தட்டி எடுத்துப் பாருங்கள். விரிசலோ நசுங்கலோ தெரிந்தால், முற்றிக் காய்ந்த மூங்கிலில் ஒரு முனை சற்றுக் குறுகலாகப் புதிதாகச் சீவி, பிடியில் துளை பெரிதாக உள்ள பக்கமிருந்து இறுக அடியுங்கள். பிடியில் சுற்றிய நாடா விரலுக்கடியில் நகர்கிறதா? பிரித்து, பருத்தி நாடாவால் இறுகச் சுற்றிக்கொள்ளலாம்.

சுருட்டிக் கட்டிய கோரைப் பாயை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, வெட்டுவதற்கு நேராக நிறுத்தி வையுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் வெட்ட வேண்டாம். முடிந்ததும் ஈரம் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். கார்பன் எஃகு ஒரே ராத்திரியில் துருவேறும்.