மிதவையும் கயிறும்: தொடக்கத்துக்கு எது போதும்?

கேள்வி: கரையிலிருந்து நீந்திப் போய், மூச்சடக்கி முக்குளித்து, ஈட்டியால் மீன் பிடிக்கப் பழக ஆசை. ஸ்பியர்கன் (ஈட்டித் துப்பாக்கி) வாங்கிவிட்டேன். மிதவையும் கயிறும் வாங்கப் போனால் ரீல், பஞ்சி, பிரேக்அவே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், சிட்னி

பதில்: அந்த மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். கொடி வைத்த ஒரு மிதவை, 20 மீட்டர் மிதக்கும் கயிறு, இரு முனையிலும் கிளிப். இவ்வளவு போதும்.

கயிற்றின் ஒரு முனையை மிதவையிலும் மறுமுனையைத் துப்பாக்கியின் பின்பக்கத்திலும் மாட்டுங்கள். இடுப்பிலோ, மணிக்கட்டிலோ, ஈய பெல்ட்டிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். குத்துப்பட்ட மீன் பாறை இடுக்கில் புகுந்துகொண்டால் அதை இழுத்தெடுக்கத்தான் கை போகும். அதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். துப்பாக்கி மிதவையோடு பிணைந்திருந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கலாம். பிறகு கயிற்றைப் பிடித்து மீட்கலாம். துப்பாக்கியில் பொருத்தும் ரீலோ வேறு கதை: அதிலிருந்து உருவி வரும் மெல்லிய நூல் தளர்ந்து காலில் சுற்றிக்கொள்ளலாம். அதைக் கையாளப் பழக்கம் வேண்டும்.

கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து நிற்கும் என்பதால் இந்தக் கூடுதல். 10 மீட்டர் ஆழத்துக்குள் பழகுபவருக்கு 20 மீட்டர் தாராளம். ஆழம் குறைந்த இடத்தில் மிச்சத்தைச் சுருட்டி மிதவையில் கட்டிவிடுங்கள். மெல்லிய கயிறு எளிதில் சிக்கலாகும். பிளாஸ்டிக் உறையிட்ட, கொஞ்சம் விறைப்பான, பளிச்சென்ற நிறத்துக் கயிறு நல்லது. சிட்னிப் பாறைகளில் கெல்ப் பாசி அடர்ந்திருக்கும். அங்கே இந்த விறைப்பு மிகவும் உதவும்.

காற்றடைக்கும் மிதவையை மடித்துப் பையில் போடலாம். ஆனால் பாறையும் மீன் முள்ளும் கிழித்துவிடும். ஃபோம் நிரப்பிய மிதவை கனம், ஆனால் கிழிந்தாலும் மிதக்கும். பாறைக்கரையில் இறங்குபவருக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. எதுவானாலும் நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி அவசியம். முக்குளிப்பவர் கீழே இருக்கிறார் என்று படகோட்டிக்கு அதுதான் சொல்லும். பிடித்த மீனை இடுப்பில் கோக்காமல் மிதவையில் கோத்துவிடுங்கள். இரத்த வாடைக்குச் சுறா வந்தால் மீன் உங்கள் உடலை ஒட்டி இருக்காது.

பஞ்சியும் (இழுபடும் ரப்பர் கயிறு) பிரேக்அவேயும் (சுட்டதும் ஈட்டி துப்பாக்கியிலிருந்து பிரிந்து மிதவைக் கயிற்றோடு போகும் அமைப்பு) கிங்ஃபிஷ், சூரை போன்ற வலிய மீன்களுக்கானவை. நீங்கள் தொடங்கப்போவது லுடெரிக், ரெட் மோர்வாங் போன்ற மீன்களில்.

இறங்குமுன் மீன்பிடி உரிமக் கட்டணம் கட்டிவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஸ்கூபா கட்டிக்கொண்டு மீனைக் குத்தக் கூடாது. புளூ குரோப்பர் என்ற மீனைத் தொடவே கூடாது.

மிதவை இருக்கிறது என்று தனியாக இறங்காதீர்கள். நீருக்கடியில் நினைவு தப்பினால் கயிறு காப்பாற்றாது, கூட வந்தவர்தான் காப்பாற்றுவார். ஒருவர் கீழே போகும்போது மற்றவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.