செட்டைத் திட்டுமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

எஞ்சின் கொஞ்சம் மிஸ் பண்ணினால் போதும், கொண்டச்சியில் தீர்ப்புத் தயார்: "பெற்றோல் செட்டில மண்ணெண்ணெய் கலக்கிறாங்க." கார்பரேட்டரைக் கழுவுகிறார்கள், டாங்கியை வடிக்கிறார்கள், அடுத்த தடவை மன்னார் வரை போய் எண்ணெய் அடிக்கிறார்கள். எஞ்சின் பழையபடியே திக்குகிறது. கேட்டால், மன்னாரிலும் கலக்கிறார்களாம்!

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எதில் ஓடினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பொருளாதாரத் தடை, பெற்றோல் கிடையாது. மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கியது, பாரம் ஏற்றினால் எஞ்சின் தட்டியது, ஒயில் தண்ணீராய்ப் போனது. ஆனாலும் நாலு சிலிண்டரும் எரிந்தன. ஒரே கார்பரேட்டரிலிருந்து நாலுக்கும் போகிற எண்ணெய், மூன்றாம் சிலிண்டரை மட்டும் தேடிப் போய்க் கெடுக்குமா? கலப்படத்தால் கெடுதி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் தாளம் தப்பாமல் விட்டு விட்டு அடித்தால் முதலில் பார்க்கவேண்டியது நெருப்பை. நெருப்பு சரியென்றால் வால்வையும் கம்ப்ரெஷனையும் பாருங்கள். செட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவது அதற்கும் பிறகு.

சோளகம் வீசும் மாதங்களில் கொண்டச்சிக் குடாவிலிருந்து வரும் உப்புக் காற்று பொனற்றுக்குள்ளும் புகும். டிஸ்ரிபியூட்டர் மூடியில் படியும் உப்பு இரவில் ஈரத்தை இழுக்கும். காலையில் கொயில் அனுப்பும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே நழுவும். எஞ்சின் சூடாகி மூடி காய்ந்ததும் மிஸ் நின்றுவிடும். உடனே 'கெட்ட எண்ணெய் எரிந்து முடிந்தது' என்று அதற்கும் ஒரு விளக்கம்!

மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் தனக்கென்று ஒரு ரோடு போட்டுவிட்டது. துடைத்தாலும் சுரண்டினாலும் அது போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கோடு ஏறி இறங்குகிறதா, றோட்டரின் பித்தளை நுனி தின்னப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒக்டேன் 95 அடித்தால் மிஸ் நிற்கும் என்பது வீண் செலவு. ஒக்டேன் எஞ்சின் தட்டாமலிருக்க, நெருப்பை உண்டாக்க அல்ல. பிளக் நாலையும் மாற்றினால் சரி என்பது பாதி உண்மை. புதுச் சாமான் எல்லாம் நல்ல சாமான் என்பது முழுப் பொய், முக்கியமாகக் கொண்டென்சரில். புதிதாகப் போட்ட கொண்டென்சர் சூடானதும் செத்து, பொயின்ற் நீலமாய்க் கருகி நிற்பது கராஜில் அன்றாடக் காட்சி. ஓடுகிற பழையதைக் கழற்றினால் எறியாமல் டாஷ்போர்டில் வையுங்கள்.

மூடியை மாற்றும்போது வயர்களை மொத்தமாய்ப் பிடுங்காதீர்கள். பழைய மூடியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுங்கள். மொரிஸ் மைனருக்கு வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினால் கார்பரேட்டர் வழியாக வெடிக்கும்.

மொரிஸ் மைனரின் பொயின்ற் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீற்றர். அதை சிகரெட் பெட்டி மட்டையால் அளக்கிற பாஸ்மாரை என்ன சொல்வது? இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், அதையும் சரிபார்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாத கராஜுக்குள் பழைய காரை விடவே கூடாது என்பேன். பயிற்சி நிலையங்களும் பிள்ளைகளுக்கு ஸ்கானரை மட்டும் காட்டி அனுப்புகின்றன. மேசையில் ஒரு லூகாஸ் டிஸ்ரிபியூட்டரையும் வைத்துக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். முசலியில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரில் ஸ்கானர் செருகுவதற்கு ஓட்டையே கிடையாது.