யாக்கோபு மரித்தான், பேதுரு தப்பினான்

வேதபாடம்: அப்போஸ்தலர் 12:1-19

பாடத்தை வாசிக்கு முன் வேதத்தைத் திறந்து மேற்கண்ட 19 வசனங்களையும் ஒரு தடவை சத்தமாய் வாசித்துவிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிப்ரவரி மாதம் வந்தால் நம் கோவை சபைகளின் சாட்சி வேளையில் ஒரே விதமான சாட்சிகள் வரும். "அன்னிக்கு டவுன்ஹாலுக்குத் துணி எடுக்கப் போக வேண்டியதுங்க பாஸ்டர், பஸ்சை விட்டுட்டேன், கர்த்தர் காப்பாத்தினாருங்க" என்று ஒரு தாயார் சொல்லுவார். "காந்திபுரத்தைத் தாண்டி அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு" என்று ஒரு சகோதரர் சொல்லுவார். சபையார் அல்லேலூயா சொல்லுவோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே நாளில் அதே டவுனுக்குப் போய்த் திரும்பி வராதவர்களுடைய வீட்டார் இந்தச் சாட்சியைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? "எங்க வீட்டுக்காரரை மட்டும் கர்த்தர் ஏன் காப்பாத்தலை? எங்களுக்கு விசுவாசம் பத்தலையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த மாதம் அப்படிப் போகாமல் கொஞ்சம் நிற்போம்.

வாலிபப் பிள்ளைகள் அறியும்படி நடந்ததைச் சொல்லுகிறேன். 1997 நவம்பர் 29ந் தேதி உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அல்-உம்மா என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மறுநாளே ஊர் பற்றிக்கொண்டது. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். அவர்களுடைய கடைகள் உடைக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. ஒருவன் செய்த கொலைக்கு அந்தப் பேரைக்கூட அறியாதவன் கடையைக் கொளுத்துவது எந்த நியாயத்தில் சேரும்? காயீனுடைய நியாயத்தில்கூடச் சேராது. அதற்குப் பழி வாங்குகிறோம் என்று சொல்லி 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை சாயங்காலம், அந்த இயக்கத்தார் நகரத்தின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டு வெடிக்கச் செய்தார்கள். தேர்தல் நேரம். ஆர்.எஸ். புரத்தில் எல்.கே. அத்வானி பேச வேண்டிய கூட்டம். அவர் வந்த விமானம் தாமதமானதால் அவர் தப்பினார். 58 பேர் தப்பவில்லை. காயம் பட்டவர்கள் 200க்கும் மேல். ரயில்வே ஸ்டேஷன் வண்டி நிறுத்துமிடத்தில் வெடித்தது. அரசு ஆஸ்பத்திரியையும் விடவில்லை. ஆர்.எஸ். புரத்தில் வெடிமருந்து ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு காரைச் செயலிழக்கச் செய்ய நிபுணர்களுக்கு நாட்கள் ஆயிற்று.

செத்தவர்கள் யார்? பூ வாங்க வந்தவர்கள், பஸ்சுக்கு நின்றவர்கள், கூட்டம் பார்க்கப் போனவர்கள். அந்தக் கார் மட்டும் வெடித்திருந்தால் எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்த இயக்கம் தடை செய்யப்பட்டது. 2007ல் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்து, தலைவன் பாஷா உள்பட அநேகருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பாஷா 2024 டிசம்பரில் இறந்துபோனார். தீர்ப்பு வந்தது, ஆனால் வீடுகளில் அந்த வெறுமையான இடம் அப்படியே இருக்கிறது.

இப்பொழுது அப்போஸ்தலர் 12ஐப் பாருங்கள். ஏரோது ராஜா சபையைத் துன்பப்படுத்த ஆரம்பிக்கிறான். இரண்டாம் வசனத்தில், யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அவ்வளவுதான், ஒரே வசனம். தூதன் வரவில்லை. இரும்புக் கதவு திறக்கவில்லை. மூன்றாம் வசனத்தில் ஏரோது ஒரு கணக்குப் போடுகிறான்: இந்தக் கொலையை ஜனங்கள் விரும்புகிறார்களே, இன்னொருவனையும் பிடிப்போம். (இரத்தம் சிந்தினால் செல்வாக்கு கூடும் என்ற கணக்கு ஏரோதோடு செத்துப்போகவில்லை. தேர்தல் காலங்களில் நாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.) பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டு, நான்கு நான்கு சேவகராக நான்கு வகுப்பார் காவல் வைக்கிறான். பதினாறு பேர்! ஒரு மீன்பிடிக்கிறவனுக்கு!

அதன்பின் நடந்தது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தூதன் வந்தான், சங்கிலி விழுந்தது, கதவு தானாய்த் திறந்தது, ரோதை என்னும் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடினாள். இந்தப் பகுதியில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! "சபை ஜெபித்தது, பேதுரு விடுதலையானான்" என்று கேட்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் இரண்டாம் வசனத்தில் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா?

யாக்கோபு யார்? மறுரூப மலையில் இருந்தவன். யவீருவின் மகளை எழுப்பும்போது உள்ளே அனுமதிக்கப்பட்ட மூவரில் ஒருவன். கெத்செமனேயில் பக்கத்தில் இருந்தவன். பேதுருவுக்கு இருந்த எல்லாச் சிலாக்கியமும் அவனுக்கும் இருந்தது. பெந்தெகொஸ்தே நாளில் மேல்வீட்டில் அபிஷேகம் பெற்றவன். அவனுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு? சபை அவனுக்காக ஜெபிக்காமல் இருந்துவிட்டது, அதனால்தான் செத்தான் என்று சில பிரசங்கிமார் சொல்லுவார்கள். வேதத்தில் அப்படி எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதாததைச் சேர்த்துத் துக்கப்பட்டவர்கள் தலையில் வைக்கக்கூடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். செபெதேயுவின் குமாரருடைய தாய் ஒருகாலத்தில் ஆண்டவரிடம் வந்து, தன் இரண்டு மக்களுக்கும் வலது இடது பக்கத்து ஆசனங்களைக் கேட்டாள் (மத். 20:20-23). ஆண்டவர் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டார். குடிப்போம் என்றார்கள் மக்கள். அந்தத் தாய் மரியாளுடைய வீட்டு ஜெபத்தில் இருந்தாளோ இல்லையோ, வேதம் சொல்லவில்லை. இருந்திருந்தால்? ரோதை ஓடி வந்து பேதுரு வாசலில் நிற்கிறார் என்று சொன்னபோது, எல்லாரும் துள்ளும் அந்த அறையில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் சபையில் அந்தத் தாய் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள்.

எபிரெயர் 11ம் இதையே சொல்லுகிறது. 34ம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் இருக்கிறார்கள். 37ம் வசனத்தில் பட்டயத்தால் வெட்டுண்டு மரித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே அதிகாரம், ஒரே விசுவாசம், ஒரே பட்டயம். இரண்டு கூட்டத்தாருக்கும் தேவன் நற்சாட்சி கொடுக்கிறார்.

"அப்படியானால் 91ம் சங்கீதம் பொய்யா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். பொய்யல்ல. நானும் வண்டி எடுக்கும்போது அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் எடுக்கிறேன். ஆனால் அந்தச் சங்கீதத்தை ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? பிசாசு (மத். 4:6). தேவாலயத்து உப்பரிகையில் நின்றுகொண்டு, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். வாக்குத்தத்தத்தை இன்ஷூரன்ஸ் பாலிசியாக்கப் பார்த்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. பின்பு சிலுவையிலிருந்து இறங்கவும் இல்லை. லூக்கா 13:1-5ல் பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சொன்னபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணாதேயுங்கள் என்ற அர்த்தத்தில்தான் பதில் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேருக்கும் அதே பதில்தான். நவம்பர் கலவரத்தில் மாண்ட 18 பேரை நினைத்துக்கொண்டு அந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள்.

இது கோவையோடு முடிந்த காரியம் அல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையில் மூன்று ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அதில் ஒன்று மட்டக்களப்பு சீயோன் சபை. நம்மைப் போலத் தமிழில் பாடுகிறவர்கள், கைதட்டி ஆராதிக்கிறவர்கள். ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். தோளில் பையோடு வந்தவனை ஒரு சகோதரர் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் நிறுத்தினார். வாசலிலேயே வெடித்தது. சுமார் 30 பேர் மரித்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைகள். தடுத்த சகோதரரும் மரித்தார். உள்ளே இருந்த பெருங்கூட்டம் தப்பியது. அங்கேயும் ஒரே சபைக்குள் யாக்கோபும் பேதுருவும்!

அந்தக் காரியத்தில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2018ல் கோவையில் பதிவான ஒரு வழக்கை விசாரித்த என்.ஐ.ஏ. அதிகாரிகளிடம், இலங்கைக் கும்பலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமின் பேச்சுகள் கிடைத்தன. இந்தியாவிலிருந்து எச்சரிப்பும் போயிற்று. அங்கே மேலே இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றமே 2023ல் முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே சஹ்ரானைப் பற்றிப் புகார் கொடுத்தவர்கள் யார்? காத்தான்குடி முஸ்லிம்கள். அதைக் கவனியுங்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28 ஞாயிறு. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, நைஜர், புர்கினா பாசோ என்று மூன்று நாடுகள் சேரும் எல்லைப் பகுதி இருக்கிறது. 2012ல் மாலியில் கிளம்பிய ஆயுதக் கும்பல்கள் 2015 முதல் புர்கினாவுக்குள்ளும் புகுந்துவிட்டன. நம் ஊரில் குண்டு ஒரு சாயங்காலம் வெடித்தது. அங்கே அது வருஷக்கணக்காய் நடக்கிறது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, விதைத்தவன் அறுக்க முடியவில்லை, 20 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். 1921 முதல் அந்த நாட்டில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் ஊழியம் இருக்கிறது, நல்ல எழுப்புதலைக் கண்ட தேசம். அந்த ஞாயிறு சில்காஜி என்ற ஊரில் ஆராதனை முடிந்த வேளையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வயதான போதகரையும் சபையார் ஐந்து பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அதே டிசம்பரில் ஹன்டூகுரா சபையில் 14 பேர்.

ஆனால் முழுதையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 25 ஞாயிறு காலை எஸ்ஸகான் என்ற ஊரில் கத்தோலிக்க ஆராதனையில் 15 பேரைக் கொன்றார்கள். அதே நாளில் அதே நாட்டில் நாட்டியாபோனி ஊர் மசூதியில் தொழுகைக்கு நின்ற முஸ்லிம்கள் பத்துக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கும்பல்களால் அங்கே அதிகமாய்ச் செத்திருப்பது முஸ்லிம்கள்தான். ஆகவே "அவங்க எல்லாரும் அப்படித்தான்" என்று நம் வாயில் வரும்போது, அது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில் ஒன்பதாவது.

2022 அக்டோபர் 23 விடியற்காலை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்னால் கார் வெடித்தபோது இதைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் தீபாவளி. ஓட்டி வந்தவன் மட்டும் செத்தான். கர்த்தருடைய பெரிய இரக்கம். அன்று மதியத்துக்குள் எத்தனை வாட்ஸ்அப் செய்திகள்! அங்கே குண்டு, இங்கே குண்டு, இந்தக் கடையில் வாங்காதே என்று! விசுவாசிகள் போனிலிருந்தும் போயின. பிறகு ஜமாத்துப் பெரியவர்கள் அந்தக் கோவிலுக்கே நேரில் போய், நாங்கள் இதற்கு உடன்பட்டவர்கள் அல்ல என்று காட்டினார்கள். அந்தச் செய்தியை எத்தனை பேர் அனுப்பினோம்? சந்தேகமான காரியத்தைக் கண்டால் போலீசுக்குச் சொல்லுங்கள், ரோமர் 13ன்படி அது அவர்கள் வேலை. குரூப்புக்கு அனுப்புவது யாருடைய வேலையும் அல்ல.

எரேமியா 29:7ஐ எல்லாரும் அறிவோம், பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் வசனம். அது எந்தப் பட்டணம்? பாபிலோன். தங்கள் ஆலயத்தை இடிக்கப்போகிறவனுடைய ஊர். அதற்காக ஜெபியுங்கள் என்று கடிதம் போனது. நமக்கோ சொந்த ஊர், சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர். கோட்டைமேடும் கரும்புக்கடையும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தப் பேர்களைச் சொல்லி ஜெபிக்க நம் உபவாச ஜெபத்தில் வாய் வருகிறதா?

சாட்சி சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்தாதீர்கள். பேதுருவும் கையமர்த்தி, கர்த்தர் தன்னை விடுவித்த விதத்தைச் சொன்னான் (12:17). ஆனால் தப்பினதற்குக் காரணமாக உங்கள் ஜெபத்தையோ தசமபாகத்தையோ காட்டாதேயுங்கள். பேதுரு காட்டவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான்! சாட்சி சொல்லி முடித்ததும், அன்று இழந்த ஒரு வீட்டைப் பேர் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். அது எந்த மதத்து வீடாயிருந்தாலும் சரி.

19ம் வசனத்தில் அந்தக் காவலர்களைக் கொல்லும்படி ஏரோது கட்டளையிடுகிறான். அவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இதைப் பற்றி வேதபண்டிதர்கள் அதிகம் எழுதுவதில்லை. வீட்டு ஜெபக் கூட்டத்தில் நீங்கள் பேசிப் பாருங்கள். 20ம் வசனம் முதல் ஏரோதின் முடிவு, அதை அடுத்த மாதம் தியானிப்போம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மட்டக்களப்புச் சபையாரையும், புர்கினா பாசோவில் வீடிழந்து நிற்கும் விசுவாசிகளையும் முஸ்லிம் குடும்பங்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.